எருது தராதவன் கல்லறையில் வைத்த கையுறைகள்

டன்வெல்,
ஏப்ரல் 29

அன்பு மகள் கோராவுக்கு,

அப்பா எழுதுவது. நான் இங்கே உயிரோடும் பசியோடும் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீ அந்த நியூசிலாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று உன் கையால் இரண்டு வரி வந்தால்தான் எனக்கு மனசு ஆறும். பதினேழாம் தேதி உன் பிறந்தநாளுக்கு நான் போன் பண்ணியது பண்ணாத மாதிரிதான், மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன், நீ சரிப்பா என்று சொன்ன விதத்திலேயே உனக்கு மனசு விட்டுப்போனது தெரிந்தது. உன் பிறந்தநாள் வந்தாலே நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது உனக்குப் புதிதில்லை. ஒன்பது வயதில் நீ உன் அம்மாவிடம் போய், நான் பிறந்தது அப்பாவுக்குப் பிடிக்கலையா என்று கேட்டாயாம். அவள் அதை அப்படியே என்னிடம் வந்து சொன்னாள், நான் காதில் விழாதவன் மாதிரி மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அம்மா போயும் நாலு வருஷம் ஆகிவிட்டது, உனக்கும் முப்பத்தொன்று முடிந்துவிட்டது. நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் நேராகச் சொல்ல எனக்கு எந்தக் காலத்தில் வந்தது, ஊர்க்கூத்தைச் சொல்லித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும், பாதியில் மடித்து வைத்துவிடாமல் படி.

வீட்டில் கூரை ஒழுகல் நின்றுவிட்டது. பூனைக்கு ஒரு பல் போய்விட்டது, ஆனாலும் திமிர் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை என் பக்கம் அரையடி நகர்த்தியிருக்கிறான், கோர்ட்டுக்குப் போகிற வயது எனக்கு இல்லை என்பதால் தினமும் காலையில் முறைப்பதோடு விட்டுவிடுகிறேன். மேப்பிள் பாகு இந்த வருஷம் சுமார்தான், இரண்டு பாட்டில் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் கிடக்கட்டும். சுதந்திரப் போருக்கு இருநூற்றைம்பது வருஷம் ஆகிறதென்று இந்த ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி நம் ஊர் ஆடிய ஆட்டத்தைக் கேள். இங்கிலாந்து ராஜாவின் படை பாஸ்டனுக்குத் திரும்பி ஓடிய அன்றைக்கு நம் ஊரிலிருந்து ஓடிப்போய்ச் செத்த ஐந்து பேருக்கு வருஷா வருஷம் ஒரு மாலை, ஒரு பாட்டு, பாதிரியார் ஒரு ஜெபம், அரை மணியில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம் இல்லையா, அது போதவில்லையாம். மிரியம் கோல்பி இப்போது ஊர்க் குழுத் தலைவி, நூலகத்தில் நீ சத்தமாகச் சிரித்ததற்கு உன்னை வெளியே அனுப்பினாளே அவளேதான். அவள் வேஷக்காரர்களை அழைத்துவந்துவிட்டாள், அந்தக் காலத்துச் சிப்பாய் மாதிரி உடுத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சுடுகிறார்களே அந்தக் கூட்டத்தை. கல்லறை கல்லறையாக அவர்கள் கூட்டிப்போய்க் கதை சொல்வார்களாம், ஜனங்கள் பின்னாலேயே போய் அஞ்சலி செலுத்துவார்களாம், அதற்கு வெளியூரிலிருந்து பஸ் வேறு. கயிறு கட்டவும் புல்லை ஒழுங்கு பண்ணவும் ஆள் வேண்டுமே, முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டி ஓய்வு பெற்ற ராய் ஸ்டிக்னி ஞாபகம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

அவர்களுக்குத் தலைவன் லைல் பென்ஹாலோ என்று ஒருவன், அறுபது மைல் தள்ளிப் பல் பிடுங்குகிறவன். வார நாளில் டாக்டர், சனிக்கிழமையானால் கேப்டன். யாரப்பா உன்னைக் கேப்டன் ஆக்கியது என்று கேட்டேன், எங்கள் சங்கத்தில் ஓட்டெடுத்தோம் என்கிறான், சிரிக்காமல் சொல்கிறான். தொப்பைக்கு மேல் ஏழு பித்தளைப் பொத்தான், ஒவ்வொன்றும் எப்போது தெறிக்குமோ என்று நான் எட்டியே நின்றேன். பின்னால் இருபத்திரண்டு சிப்பாய், செத்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள், இவர்களில் ஒருவன்கூட அறுபதுக்குக் கீழே இல்லை. சண்டைக் காட்சி என்று சர்ச் புல்வெளியில் செத்து விழுந்தார்கள் பார், ஈரமில்லாத இடமாகக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் சாகிறார்கள். ஒருத்தன் குண்டு பட்டதும் முழங்கால் உறையைச் சரி பண்ணிக்கொண்டு, துப்பாக்கியைப் பக்கத்தில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பிறகு செத்தான். மரியாதை வேட்டு ஐந்தில் மூன்று புஸ் என்று போயிற்று. சிப்பாய்ச் சாப்பாடு என்று காகிதக் கிண்ணத்தில் சிப்பி சூப் விற்றார்கள், அதற்கு ஒரு வரிசை, நம் ஊர்க்காரர்களே போய் நின்றார்கள், வெட்கம் கெட்ட ஜனங்கள். பென்ஹாலோ கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குரல் தழுதழுக்கிறது, தன் சொந்த அண்ணனை அன்று காலைதான் புதைத்தவன் மாதிரி.

இனி நான் சொல்லப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. அந்த ஐந்து பேரில் கடைசி எலியாக்கிம் காஸ், பத்தொன்பது வயது. பனி விழுந்திருந்த விடியற்காலையில் கையுறைகூடப் போடாமல் ஓடினவன். அவன் செத்துக் கிடக்கிறான் என்று செய்தி வந்ததும் அவன் அம்மா ஜேபஸ் தார்னிடம் போய், பிணத்தைக் கொண்டுவர எருதும் வண்டியும் கேட்டாள். ஊரிலேயே பணக்காரன் அவன், நாலு ஜோடி எருது கொட்டகையில் நின்றது, உழவுக்கு வேண்டும் தரமாட்டேன் என்றுவிட்டான். அவள் தனியாகத் தள்ளுவண்டியோடு பதினோரு மைல் நடந்து போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை, உனக்கும் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். காஸ் குடும்பத்துப் பெண்கள் அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை பின்னி அந்தத் தேதியில் அவன் கல்லறையில் வைக்கிறார்கள், ஒரு வாரம் கழித்து அது ஏழைகளுக்குப் போகும். ஊர்க்காரர்கள் தார்ன் கல்லைத் தாண்டும்போது குதிகாலால் ஒரு உதை விட்டுத்தான் தாண்டுவார்கள், நீயும் சின்னதில் குதித்துக் குதித்து உதைப்பாய். இப்போது கேள். இரண்டு கல்லும் வடக்குச் சுவர் ஓரம், ஒரு கை நீளம்தான் இடைவெளி, இரண்டிலும் எழுத்து உதிர்ந்து என் தலை மாதிரி மொட்டை. எது யாருடையது என்பதற்கு ஒரே அடையாளம் கொடி செருக நட்டிருக்கும் இரும்புக் கம்பி. ஒவ்வொரு வசந்தத்திலும் தரையைச் சுத்தம் பண்ண அந்த ஐந்து கம்பியையும் நான் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப நடுவேன். அந்த வருஷம் ஏப்ரல் பதினேழாம் தேதி எலியாக்கிமின் கம்பியைப் பிடுங்கும்போது துருப்பிடித்த முனை முறிந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. திரும்ப நடப் பார்த்தால் பழைய குழிக்குள் போகவில்லை, உள்ளே இருந்த முனை தடுத்தது. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் கத்தினான், ராய், உன் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது, ஓடு என்று. நான் கையிலிருந்த கம்பியைப் பக்கத்தில் மண் எங்கே இளகலாக இருந்ததோ அங்கே ஒரே குத்தாகக் குத்திவிட்டு ஓடினேன்.

இளகலாக இருந்தது தார்ன் கல்லின் அடி. மூன்று நாள் கழித்து நான் வந்து பார்த்தபோது விழா முடிந்திருந்தது, எருது தராதவன் தலைமாட்டில் கொடி, மாலை, கையுறை. ஐந்து நிமிஷ வேலை, பிடுங்கி நட்டிருக்கலாம். ஆனால் மாலை போட்டவர்களில் ஊர்ப் பெரிய மனுஷன் அத்தனை பேரும் இருந்தார்கள், சொன்னால் என்னைத்தான் திட்டுவார்கள், அடுத்த வருஷம் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று விட்டேன். அடுத்த வருஷம் வந்தது, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தார்னுக்குக் குனிந்தார்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் கோரா என் கெடுதல், எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு யார் அங்கே பேசினாலும் நான் சுவர் மேல் உட்கார்ந்து, பேசுடா பேசு, எவன் காலில் விழுகிறாய் என்று தெரியாமல் பேசு என்று உள்ளுக்குள் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் ஒருத்தனையும் நான் மதித்ததில்லை என்று உன் அம்மா சொல்வாளே, அந்தத் திமிருக்கு வருஷா வருஷம் தீனி போட்டது இதுதான். விழாவுக்கு முந்தின வாரம் வேஷக்காரர்கள் ஐந்து கல்லறைக்கும் பேர் வெட்டிய புதுக் கருங்கல் பலகை கொண்டுவந்து சிமெண்ட் போட்டுப் பதித்தபோதும், எலியாக்கிம் காஸ் என்ற பலகை தார்ன் தலைமாட்டில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தேன். லூயெல்லா காஸ் கையுறையோடு வருகிற நேரம் மட்டும் எழுந்து மறுபக்கம் போய்விடுவேன், எல்லா வருஷமும் அப்படித்தான்.

லூயெல்லாவை மறந்திருக்க மாட்டாய், பள்ளிக்கூடச் சமையல்காரி, உனக்கு மட்டும் இரண்டாவது தரம் ஆப்பிள் கேக் வைப்பாளே. அந்த வம்சத்தில் இப்போது மிச்சம் அவள் ஒருத்திதான். இந்தத் தடவை நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததால் தப்பிக்க முடியவில்லை, நேராக என்னிடமே வந்து நின்றாள். விரல் எல்லாம் வாதத்தில் முறுக்கிக் கிடக்கிறது. பையைத் திறந்து காட்டினாள், சாம்பல் நிறக் கையுறை, மணிக்கட்டில் சிவப்புக் கரை. நவம்பரில் ஆரம்பித்ததாம், போன வாரம்தான் முடிந்ததாம், இதுதான் என் கடைசி ஜோடி ராய், இனிமேல் ஊசி பிடிக்க முடியாது என்றாள். நான் நல்லாயிருக்கு என்றேன், வேறு என்ன சொல்ல. அதற்குள் பென்ஹாலோ கூட்டத்தை வடக்குச் சுவர் ஓரம் கூட்டிவந்துவிட்டான். முதலில் கொடி இல்லாத கல்லைக் கையால் காட்டி, இதோ எருது தராத தார்ன் என்று ஆரம்பித்தான். பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையில் நின்று அந்தக் கல்லை உதைத்தார்கள், உதைத்து உதைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பென்ஹாலோவும் பளபளவென்று கொக்கி வைத்த செருப்பால் ஒன்று விட்டான். வரிசையின் கடைசியில் லூயெல்லா, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று குதிகாலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு கொடி இருந்த பக்கம் திரும்பிப் பென்ஹாலோ அந்தத் தாயின் கதையைச் சொன்னான், பதினோரு மைலும் தானே வண்டி தள்ளினவன் மாதிரி மூக்கை உறிஞ்சினான், மண்டியிட்டான். லூயெல்லா கையுறையை எடுத்தாள். குனிய முடியாமல் குனிந்தாள்.

என்னால் முடியவில்லை. “லூயெல்லா, அங்க வைக்காதே. அவன் அங்க இல்ல, பக்கத்துல இருக்கான்” என்றேன். பென்ஹாலோ மைக்கிலேயே, ஐயா கேள்வி எல்லாம் கடைசியில் கேட்கலாம் என்றான். மிரியம் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள், ராய் குடிச்சிருக்கியா, இன்றைக்கு ஒரு நாளாவது சும்மா இரேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் கையை உதறிக்கொண்டு, முறிந்த முனையையும் அந்தக் காலையையும் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை, எப்படி நம்புவார்கள், இத்தனை வருஷம் அவர்களைப் பார்த்து இளித்தவன் இன்றைக்கும் இளிக்கிறான் என்றுதான் நினைத்தார்கள். கொடி இல்லாத அந்த மொட்டைக் கல் அடியில் மண்டியிட்டுப் பேனாக்கத்தியால் தோண்டினேன். களிமண், கல், வேர், ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னால் பஸ்காரர்கள் சிரிக்கிறார்கள். அப்போது என் பக்கத்தில் ஒரு தொப்பை வந்து இறங்கியது. சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது, ஆனால் நடந்தது நடந்ததுதான், பென்ஹாலோ மைக்கைக் கழற்றி மிரியம் கையில் கொடுத்துவிட்டு அந்த வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் மண்டியிட்டான். தள்ளிக்கோங்க என்றான், குரல் தழுதழுக்கவில்லை. துப்பாக்கிக் கத்தியின் முனையை மண்ணுக்குள் விட்டு, இங்கே வலிக்கிறதா அங்கே வலிக்கிறதா என்று கேட்பது போல மெதுவாக மெதுவாகக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தான், ஓரிடத்தில் நிறுத்தினான். இரண்டு விரலை விட்டுச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, ஆட்டி ஆட்டி, முறிந்த பல்லின் வேரை எடுக்கிற மாதிரி எடுத்தான். துருப்பிடித்த இரும்புத் துண்டு, ஒரு சாண் இருக்கும். தன் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தான், எழுந்துபோய்க் கொடிக்கம்பியைப் பிடுங்கிவந்து முறிந்த இடத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தது.

லூயெல்லா அந்தக் கல்லையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். “முப்பத்தொரு வருஷமா நானே அவனை உதைச்சிருக்கேன், ராய். நீ பாத்துக்கிட்டு இருந்திருக்கே.” அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும், உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். பென்ஹாலோ கையுறையை எடுத்து வைக்கப் போனான், அவள் தடியை நீட்டி மறித்தாள். “நீங்க விடுங்க டாக்டர். அவன் எடுத்து வைக்கட்டும்.” நான்தான் எடுத்தேன், நான்தான் எலியாக்கிமின் கல்லடியில் வைத்தேன், எத்தனையோ வருஷம் கழித்து அவனுக்குச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பாதியில் நின்று, “அடுத்த வருஷத்துக்கு நீ பின்னு. செவ்வாக்கிழமை வந்து சேர்” என்றாள்.

இந்த ஊர் திருந்துமா சொல். பலகையைப் பெயர்த்துச் சரியான இடத்தில் வைக்கக் கமிட்டி கூட வேண்டுமாம், மிரியம் ஜூனுக்கு முன் தேதி இல்லை என்கிறாள், இருநூற்றைம்பது வருஷம் பொறுத்தவன் இன்னும் இரண்டு மாசம் பொறுக்க மாட்டானா என்றாளாம். சிமெண்ட் போட்டவன் பெயர்க்கத் தனி ரேட் கேட்கிறான். பென்ஹாலோ நாலு நாள் கழித்து எனக்குப் போன் பண்ணி, உங்கள் கதை ரொம்ப உருக்கமாக இருக்கிறது, அடுத்த வருஷம் ஆறாவது நிறுத்தமாக வைக்கப்போகிறோம், நீங்களே புல் வெட்டுகிறவராக நின்று நடித்துக் காட்ட முடியுமா, உடுப்பு நாங்கள் தருகிறோம் என்கிறான். அந்தச் சேற்றில் மண்டியிட்டவனை ஒரு நிமிஷம் மனுஷன் என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. ஆனாலும் ஒன்று உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அவர்கள் எல்லாரும் முட்டாள்தான், வேஷக்காரர்கள்தான், ஆனால் தெரியாமல் தப்பான கல்லுக்குத் தொப்பி கழற்றினவர்கள். தெரிந்தே உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன். தார்ன் எருதைக் கொட்டகையில் கட்டி வைத்தான், நான் ஒரு வாக்கியத்தை வாயில் கட்டி வைத்தேன், இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊர் என்னை உதைக்க ஒரு கல் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை போனேன். லூயெல்லா கதவைத் திறந்து உள்ளே விட்டாள், அதற்கு மேல் மரியாதை கிடையாது. அவள் சமையலறை மேசையில் உட்காரவைத்து ஊசியைக் கையில் கொடுத்து, என் ஒவ்வொரு கண்ணியையும் பார்த்துப் பார்த்து ஏசுகிறாள். புல் வெட்டுகிற மிஷினுக்குக்கூட இதைவிட நல்ல விரல் இருக்கும் என்கிறாள், உன் மூஞ்சி மாதிரியே கோணலாக வருகிறது பார் என்கிறாள். நான் திருப்பி ஒன்றும் சொல்வதில்லை, எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. முதல் கையுறையில் கட்டைவிரல் புறங்கைப் பக்கம் வந்துவிட்டது, பிரித்துப் போடு என்றாள். பிரிக்க மனசு வரவில்லை, அதைத்தான் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். அங்கே குளிர் ஆரம்பிக்கிற நேரம், ஒற்றைக் கையுறையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை, எதற்காவது ஆகும்.

இப்போது நீ ஒன்பது வயதில் கேட்டதற்கு வருகிறேன். ஏப்ரல் பதினேழு வந்தால் எனக்கு அந்தக் கம்பி ஞாபகம் வரும், இன்னும் இரண்டு நாளில் லூயெல்லா தப்பான கல்லில் கையுறை வைப்பாள் என்பது ஞாபகம் வரும், முகம் தொங்கிவிடும், நீ மெழுகுவத்தியை ஊதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். உன்னால் வந்தது இல்லை அம்மா அது. மூன்று நாள் கழித்து நான் செய்யாமல் விட்டதால் வந்தது. பதினேழாம் தேதி காலையில் நடந்ததை மட்டும் தனியாக எடுத்துப் பார். அதுவரை ஒரு கம்பியைக்கூட நான் கோணலாக நட்டதில்லை, சின்னதாக ஒரு கல் சாய்ந்திருந்தாலும் நிமிர்த்திவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், நீ வரப்போகிறாய் என்று சொன்ன நிமிஷம் எங்கே குத்துகிறோம் என்றுகூடப் பார்க்காமல் போட்டுவிட்டு ஓடினேன். புல் வாரியைத் தரையில் போட்டேன், தொப்பி சுவரில் மாட்டிக் கிழிந்தது, நிற்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கைபட்ட வேலை எல்லாம் விளங்கட்டும். காரின் பின் டயர் இரண்டையும் குளிர் முற்றுவதற்குள் மாற்றிவிடு, போன தடவை மாதிரி நாளை நாளை என்று தள்ளாதே, தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று உன் அப்பனைப் பார்த்துத் தெரிந்துகொள். அடுத்த ஞாயிறு நானே போன் பண்ணுகிறேன், மழையைப் பற்றிப் பேச மாட்டேன்.

என்றும் உன் அப்பா,
ராய் ஸ்டிக்னி